ஒரே புதன்கிழமை, இரண்டு தேதிகள்

வணக்கம் நேயர்களே. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது என்றைக்கு? ஆங்கிலேயர் கணக்கில் 1746 செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் சரி, இரண்டும் ஒரே புதன்கிழமைதான். பிரான்ஸ் 1582-லேயே இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. 1746-ல் இரண்டுக்கும் இடையே 11 நாள்.

இரண்டையும் அப்படியே தரவுத்தளத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் எவ்வளவு பழைய தேதியையும் கிரிகோரியனாகவே எடுத்துக்கொள்ளும். கோட்டை இரண்டு முறை விழும். பிழைச்செய்தி வராது, அதனால் யார் கண்ணிலும் படாது. ஆரக்கிள் என்ற இன்னொரு மென்பொருளில் 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் 15. அதற்கு முந்தியதெல்லாம் ஜூலியன். ரோம் நாட்காட்டி மாறியது அன்றுதான், அதற்கு அது பொருந்தும்; சென்னைக் கோட்டைக்குப் பொருந்தாது. எஸ்க்யூஎல் சர்வர் என்ற மூன்றாவது மென்பொருளில் தேதிக்கான பழைய டேட்டைம் வகையோ 1753-க்கு முந்திய தேதியை வாங்கவே வாங்காது. தவறாக வாங்கி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆகவே தேதியைத் தரவுத்தளத்தின் ஒரே புலத்தில் (ஒரே கட்டத்தில்) திணிக்காதீர்கள். ஆவணத்தில் இருக்கும் எழுத்தை அப்படியே ஒரு புலத்தில் வையுங்கள். அதைத் திருத்தவே கூடாது. எந்த நாட்காட்டி என்பது அடுத்த புலம். மூன்றாவது, ஜூலியன் நாள் எண். ஜூலியன் நாட்காட்டிப்படி கி.மு. 4713 ஜனவரி 1-ஐப் பூஜ்யமாகக் கொண்டு வானியலாளர்கள் விடாமல் எண்ணிவரும் முழு எண் அது. நம் புதன்கிழமைக்கு 2359037. கிரிகோரியன் தேதிக்கான சூத்திரத்தால் இதைக் கணக்கிடுவதானால், இந்த ஆங்கிலேயர் தேதியோடு முதலில் 11 நாள் கூட்டிக் கிரிகோரியனாக்க வேண்டும். வரிசைப்படுத்துவது, இடைவெளி பார்ப்பது எல்லாம் இந்த எண்ணில்தான். சரிபார்ப்பதும் எளிது: 7-ஆல் வகுத்தால் மீதி 0 திங்கள், 1 செவ்வாய், 2 புதன். ஆவணத்தில் கிழமை இருந்தால் உடனே ஒப்பிடலாம்.

இன்னொரு பள்ளம் ஆண்டு. இங்கிலாந்தில் அன்று சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆங்கிலேயர் கடிதத்தில் '1745 பிப்ரவரி' என்றிருந்தால் அது பெரும்பாலும் நம் கணக்கில் 1746. கி.மு.விலும் ஓராண்டு நழுவும்: தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ முறையில் 0 என்ற ஆண்டு உண்டு, அதுவே கி.மு. 1. சீசர் கொலையுண்ட கி.மு. 44 அங்கே கழித்தல் 43.

மாதம், நாள் தெரியாமல் ஆண்டு மட்டும் கிடைத்தால் ஜனவரி 1 என்று நிரப்பிவிடாதீர்கள். அந்த ஆண்டின் முதல் நாளுக்கு ஓர் எண், கடைசி நாளுக்கு ஓர் எண், இரண்டையும் பதியுங்கள். வணக்கம்.