கொச்சிக்கு எந்தக் கிழமை போவது?

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கமிருந்து கொச்சிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் ரயில் நேரத்தைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் கிழமையைப் பாருங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர் ஜெபாலயம் சனிக்கிழமை திறக்காது. வெள்ளி பிற்பகலிலேயே சாத்திவிடுவார்கள். ஞாயிறு இரண்டும் உண்டு, ஆனால் கூட்டம் நெரியும். திங்கள் முதல் வியாழனுக்குள் போவதே உத்தமம்.

கோட்டயம் வழி வண்டிகள் பலவும் எர்ணாகுளம் டவுனில்தான் நிற்கும், ஜங்ஷனுக்கு வராது. எதில் இறங்கினாலும் ஆட்டோ பிடித்து ஹைகோர்ட் ஜெட்டிக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கே வாட்டர் மெட்ரோ போகிறது. அடுத்த படகுக்கு வெகுநேரம் இருந்தால் ஃபோர்ட் கொச்சிப் படகில் ஏறி, அக்கரையில் ஆட்டோ பிடியுங்கள். வழியில் தெரியும் வெலிங்டன் தீவின் பெரும்பகுதி, துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. 1920-ல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ செய்த வேலை.

முதலில் மட்டாஞ்சேரி. பலர் ஃபோர்ட் கொச்சியில் தொடங்கி, மத்தியானம் இங்கே வந்து பூட்டிய கதவைப் பார்க்கிறார்கள். ஜெபாலயத்துக்கு மத்தியான இடைவேளை உண்டு. அரண்மனை போர்ச்சுகீசியர் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தது. பின்னர் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் நின்றுவிட்டது. அவசரமாக நடந்தால் அது வெறும் பழைய வீடுதான். பள்ளியறைச் சுவரில் நில்லுங்கள்: தசரதனின் புத்திரகாமேஷ்டியில் தொடங்கி ராமாயணம் முழுக்க ஓடுகிறது. ஜெபாலயம் 1568-ல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து தரையைப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. தெருக்கடைகளில் பழம்பொருள் என்று விற்பதில் பாதி புதுசு. மிளகும் சுக்கும் வாங்கினால் போதும்.

வெயில் ஏறியதும் ஆட்டோவில் வேளி பக்கம் தோபி கானா என்ற சலவைக்கூடத்துக்குப் போங்கள். சுற்றுலாக்காரர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்க வந்து சேர்ந்த தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்னும் இங்கே வெளுக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-ல் எழுந்தது. தனித்தனித் தொட்டி, துவைகல், வெளியே காயப்போடும் மைதானம். அங்கே கொடியைக் கவனியுங்கள்: இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டி, துணியின் முனையை முறுக்குக்குள் செருகிவிடுகிறார்கள். கிளிப்பே கிடையாது, காற்றுக்கும் பறக்காது. மழை நாளில் மைதானம் வெறிச்சோடிக் கிடக்கும். தமிழிலேயே பேசலாம், படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வேலை நடக்கிற இடம்.

சாயங்காலம் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். எலும்புகள் பிறகு லிஸ்பனுக்குப் போய்விட்டன, கல் மட்டும் இருக்கிறது. தலைக்குமேல் தொங்கும் துணி விசிறிகளை ஒரு காலத்தில் வெளியே நின்று கயிற்றால் இழுத்தார்கள்.

அடுத்து, கரையில் நின்று மீன் பிடிக்கும் சீனவலை. தேக்கும் மூங்கிலும் சேர்ந்த சட்டம். பின்பக்கக் கயிறுகளில் கட்டித் தொங்கும் கற்கள்தான் வலையின் கனத்துக்கு ஈடு கொடுக்கின்றன. அதனால் நாலைந்து பேர் இழுத்தாலே முழு வலையும் எழும்பிவிடும். தண்ணீர் வற்றும் நேரத்தில் பெரும்பாலும் வலை சும்மா நிற்கும். அன்றைக்குக் கடல்நீர் ஏறுவது எப்போது என்று முதலிலேயே விசாரியுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் மீனைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம் ஏறும். உங்களையும் கயிறு இழுக்கக் கூப்பிடுவார்கள், முடிந்ததும் காசு கேட்பார்கள்; தொகையை முன்கூட்டிப் பேசுங்கள். பக்கத்தில் மீன் வாங்கிச் சமைக்கக் கொடுப்பதானால் கிலோ விலை வேறு, சமையல் கூலி வேறு.

சூரியன் மறைந்த கையோடு கடற்கரைக் கூட்டம் மொத்தமும் படகுத்துறைக்கு வரும். வரிசையில் ஒன்றிரண்டு படகு கைவிட்டுப் போகலாம். ராத்திரி ரயில் என்றால் இரண்டு மணி நேரம் கையில் வைத்துக் கிளம்புங்கள். வரிசை நீண்டிருந்தால் யோசிக்காமல் தோப்பும்படி வழி எர்ணாகுளம் போகும் பஸ் ஏறிவிடுங்கள்.