வாளி நிறைந்தது எப்போது?

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, சுங்கை சிப்புட் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘ஓவியங்களில் மனிதனின் மாண்பு பெரிதும் வெளிப்படுவது உழைப்பிலா, ஓய்விலா?’ என்பது இன்றைய தலைப்பு. பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களின் காட்சிக்கூடங்களில் உள்ள ஓவியங்களின் வண்ணப் படிகளை நம் ஓவிய ஆசிரியர் இந்தப் பள்ளி மண்டபத்தில், இடப்பக்கச் சுவரில் உழைப்பு, வலப்பக்கச் சுவரில் ஓய்வு என்று பிரித்து மாட்டியிருக்கிறார். நான் வலப்பக்கச் சுவருக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், ஓவியர் புரூகல் 1565இல் தீட்டிய ‘அறுவடை செய்வோர்’ ஓவியத்தைக் காட்டினார். அதில் பேரிக்காய் மரத்தடியில் கால்களை அகல விரித்துப் போட்டு ஒருவன் உறங்குகிறான். அவனைச் சுட்டிக்காட்டி அண்ணன், “ஓய்வு அணியின் தலைவர் இவர்தான். நம் முன்னோர் இவரைப்போலப் படுத்துக் கிடந்திருந்தால் நம் மலேசியாவில் இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு வாளி பால்கூட நிறைந்திருக்காது” என்றார். மண்டபம் அதிரக் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

அண்ணன் வாளியை எடுத்துவிட்டார். நானும் வாளியையே எடுக்கிறேன். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களில் எத்தனையோ பேர் பால்மரம் வெட்டியவர்கள், ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். அவர்களைக் கேட்கிறேன்: இருட்டோடு எழுந்து, பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு மர நிரைக்குள் நுழைந்து, நானூறு ஐந்நூறு மரங்களை ஓட்டமும் நடையுமாக வெட்டி முடித்தீர்களே, வெட்டிய உடனே வாளி நிறைந்ததா? நிறையவில்லை. கத்தி பட்டையைக் கீறிவிட்டால் அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு பால் சொட்டுச் சொட்டாக மரத்தில் பொருத்திய மங்கு என்ற கிண்ணத்துக்குள் இறங்க இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? மரத்தடியில் தலைத்துணியை அவிழ்த்து விரித்து, தூக்குச்சட்டியைத் திறந்து பசியாறினீர்கள். பக்கத்து நிரைக்காரியோடு பேசினீர்கள். கால் நீட்டிக் கண்ணயர்ந்தீர்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த வேளையில்தான், அண்ணே, மங்குகள் நிறைந்தன. மங்குகள் நிறைந்ததால்தான் வாளி நிறைந்தது. பால்மரமே தன்னை வெட்டியவளை உட்காரச் சொல்லியது என்பதை நம் தோட்டம் அறியும்.

இப்போது புரூகலின் மரத்தடிக்குத் திரும்பி வாருங்கள். அவனைச் சுற்றி அவனுடைய கூட்டாளிகள் ரொட்டியும் கூழுமாகப் பசியாறுகிறார்கள். இடப்பக்கத்தில் கதிர் வெட்டுவோர் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டிக் களைத்தவனின் உறக்கம் அது. அவனைச் சோம்பேறி என்பவர், நிரைக்குள் தலைத்துணி விரித்துப் படுத்த நம் பாட்டிமாரையும் அப்படியே சொல்ல வேண்டியிருக்கும். அண்ணன் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை என்று நான் நம்புகிறேன்.

‘மழை நாளில் வேலையில்லாமல் இருப்பதும் ஓய்வுதானா?’ என்றும் எதிரணி கேட்டது. மழையில் பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டில்லாத நாளில் வீட்டில் உலை கொதிப்பதும் கடினம். அந்த நாளை ஓய்வு என்று யாரும் சொல்ல மாட்டோம். அது பறிக்கப்பட்ட வேலை. நான் பேசுவது, உழைத்த உடம்பு தனக்கே தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பற்றி.

இடப்பக்கச் சுவரில் ஓவியர் மில்லே 1857இல் தீட்டிய ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ இருக்கிறது. அந்த ஓவியத்தை நான் வணங்குகிறேன். ஆனால், அந்த மூன்று பெண்களின் முகத்தையும் உங்களால் சரியாகப் பார்க்க முடிகிறதா? முதுகு தெரிகிறது, தலைத்துணி தெரிகிறது, தரையைத் துழாவும் கை தெரிகிறது. வேலை அவர்களைக் குனிய வைத்து, முகத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது.

வலப்பக்கம் வாருங்கள். சோரா என்ற இளம் ஓவியர் 1884இல் தீட்டிய ‘ஆனியேரில் நீராடுவோர்’, இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஓவியம். தூரத்தில் தொழிற்சாலைப் புகைபோக்கிகள், முன்னால் ஆற்றங்கரையில் சாதாரண மனிதர்கள். அரசர்களுக்கும் புராணக் கதைகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த அளவை, கரையில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த இளைஞர் கொடுத்தார்.

அடுத்து இருப்பது வான்கோவின் ‘நண்பகல் ஓய்வு’. சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்த காலத்தில், மில்லேயின் படத்தைக் கறுப்பு வெள்ளை அச்சில் பார்த்து, அதற்குத் தம் வண்ணங்களைக் கொடுத்து அவர் தீட்டியது. இன்று பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வைக்கோல் போரின் நிழலில் ஓர் ஆணும் பெண்ணும் படுத்திருக்கிறார்கள். அருகே இரண்டு அரிவாள்கள் சேர்ந்து கிடக்கின்றன. கழற்றி வைத்த சப்பாத்துகள் கிடக்கின்றன. ‘இங்கேயும் முகம் தெரியவில்லையே’ என்று எதிரணி கேட்கலாம். தெரியவில்லைதான். ஆனால் தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டவன் அவனே. கையில் முகம் புதைத்தவள் அவளே. எதிர்ச்சுவரில் முகத்தை வேலை மறைத்தது, இந்தச் சுவரில் அவர்களே மறைத்துக்கொண்டார்கள். அந்தச் சப்பாத்துகளைப் பார்த்தபோதுதான் எனக்கு என் பாட்டியின் படம் நினைவுக்கு வந்தது.

பாட்டிக்கு வாழ்நாளில் எடுத்தது ஒரே ஒரு புகைப்படம். தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டணத்திலிருந்து படக்காரர் வந்திருந்தார். ஃபிலிமில் ஒரே ஒரு படம் மிச்சமிருந்தது. அவர் பாட்டியைப் பார்த்து, “கத்தியோடு மரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிற மாதிரி நில்லுங்கள், அழகாக இருக்கும்” என்றார். பாட்டி மறுத்துவிட்டார். அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். என் அம்மா இதைச் சொல்லும்போது படக்காரர் அரை மணி நேரம் காத்திருந்தார் என்பார்; பெரியம்மா சொல்லும்போது அது ஒரு மணி நேரமாகும். பாட்டி வெளுத்த சேலை உடுத்தி, பூ வைத்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டார். பால்கறை ஏறிக் கறுத்த விரல்களைக் கண்ட படக்காரர், கைகளை மடியில் மறைத்துக்கொள்ளச் சொன்னார். பாட்டி இரண்டு கைகளையும் முழங்காலின்மேல் எடுத்து வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னாராம்: “நான் குனிந்து நிற்பதை வேலை வாங்கிய தண்டல் பார்த்தார், கணக்கு எழுதிய கிராணி பார்த்தார், துரையும் பார்த்தார். நான் உட்கார்ந்திருப்பதை யாரய்யா பார்த்தார்கள்?”

நடுவர் அவர்களே, மீண்டும் ஒருமுறை சொல்கிறேன், கேளுங்கள்: “நான் உட்கார்ந்திருப்பதை யாரய்யா பார்த்தார்கள்?”

அந்தத் தோட்டத்தில் இப்போது எண்ணெய் தரும் செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை, அந்த வாசற்படியும் இல்லை. பாட்டி பால்மரம் வெட்டியதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவர் உட்கார்ந்திருப்பதை மட்டும் நான் தினமும் பார்க்கிறேன். படியின் ஓரத்தில் கழற்றிப் போட்ட சிலிப்பர் ஒன்று கவிழ்ந்து கிடப்பதுகூட அதில் தெரிகிறது.

அந்தப் படத்தை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். தீர்ப்பு எழுதும் வரை அதை வலப்பக்கச் சுவரில் வான்கோவுக்கு அருகே மாட்டி வைக்க ஓவிய ஆசிரியர் இசைந்திருக்கிறார். நடுவர் அவர்கள் எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். செல்லம் திறந்தே இருக்கிறது. வணக்கம்.