சாலைக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு துணிப்பட்டை

எல்லோருக்கும் வணக்கம்.

தெருக்கலை என்று அறிவிப்பில் பார்த்துவிட்டு, பெரிய சுவரையும் அதில் பளீரென்ற சித்திரத்தையும் திரையில் காட்டப்போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் பேச வந்திருக்கும் பெண் அந்த வேலைக்குத் தூரிகையைத் தொடவே இல்லை. சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவில் மான்கெவே என்றொரு அகலமான சாலை. 1979 டிசம்பரில் அந்தச் சாலையில் குனிந்து, நடுவில் விட்டு விட்டுப் போகும் வெள்ளைக் கோடு இருக்கிறதல்லவா, அதன் ஒவ்வொரு துண்டுக்கும் குறுக்கே ஒரு வெள்ளைத் துணிப்பட்டையை ஒட்டிக்கொண்டே போனார். கோடு சிலுவை ஆனது. அடுத்த கோடு அடுத்த சிலுவை. 'தார்ச்சாலையில் ஒரு மைல் சிலுவைகள்' என்று அதற்குப் பெயர் வைத்தார். அவர் லோட்டி ரோசன்ஃபெல்ட். 1943-இல் சாந்தியாகோவில் பிறந்தவர், அச்சோவியம் பழகியவர்.

இதில் என்ன பெரிய எதிர்ப்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் வேண்டுமானால் அந்த ஊர்ச் சுவர்களின் கதையிலிருந்து வரவேண்டும்.

1973 செப்டம்பர் 11 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சல்வடோர் அயெந்தேயின் மாளிகை மீது சிலியின் சொந்த விமானப்படையே குண்டு போட்டது. அயெந்தே அன்றே இறந்தார். ஜெனரல் பினோசெட் தலைமையில் வந்த ராணுவ ஆட்சி 1990 வரை நகரவில்லை. கொல்லப்பட்டவர்களும் பிடித்துக்கொண்டு போய்க் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் 3,000-க்கு மேல். சித்திரவதைப்பட்டவர்கள் பல்லாயிரம்.

அயெந்தே காலத்தில் சுவர் என்றால் அரசியல். கம்யூனிஸ்ட் இளைஞர்களின் ரமோனா பாரா அணியினர் கும்பலாகக் கிளம்பி ஊர்ச் சுவரெல்லாம் வரைந்துவிட்டுப் போவார்கள். ரொபெர்த்தோ மாத்தா என்ற பேர்பெற்ற ஓவியர்கூட 1971-இல் அவர்களோடு சேர்ந்து, லா கிராங்ஹா என்ற எளியவர்கள் வாழும் பகுதியில் நீச்சல்குளச் சுவர் ஒன்றில் வரைந்தார். ராணுவம் வந்ததும் எல்லாவற்றின் மேலும் பெயின்ட் அடித்தார்கள். மாத்தாவின் ஓவியம் பல அடுக்குப் பெயின்டுக்கு அடியில் 30 ஆண்டுக்கும் மேல் கிடந்து, இந்த நூற்றாண்டில்தான் சுரண்டி மீட்கப்பட்டது. இரவில் ஊரடங்கு. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. புத்தகங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்.

ஆக, சுவரும் இல்லை, சொல்லும் இல்லை. மிச்சம் என்ன இருக்கிறது? லோட்டி தரையைப் பார்த்தார். சாலைக் கோடு அரசாங்கம் தன் கையால் போட்டு வைத்தது. இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போகாதே என்று எல்லோருக்கும் சொல்வது. அதை நாம் ஒருநாளும் கட்டளையாக நினைப்பதில்லை. கால் தானாகக் கீழ்ப்படிகிறது. சர்வாதிகாரம் நிலைப்பது துப்பாக்கியால் மட்டும் என்று நினைத்தால் தப்பு. யோசிக்காமல் கீழ்ப்படியும் இந்தப் பழக்கத்தில்தான் அது நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. லோட்டி அந்தக் கோட்டை அழிக்கவில்லை, அதன் மேல் கெட்ட வார்த்தை எழுதவில்லை. குறுக்கே ஒரு பட்டை, அவ்வளவுதான். போலீஸ்காரர் வந்து கேட்டால் எதைக் குற்றம் என்று எழுதுவார்? அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் புதைத்த இடம் தெரியாத பிணங்கள் உள்ள நாட்டில், தரையில் வரிசையாகச் சிலுவை கிடந்தால் வண்டியோட்டிப் போகிறவருக்கு என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, மான்கெவே சாலை வசதியானவர்கள் வாழும் பகுதியில் ஓடுவது. பினோசெட் ஆட்சியில் சௌகரியமாக இருந்தவர்களின் கார்களுக்கு அடியில் அவர் இதைப் போட்டார். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

பிறகு அதே சிலுவைகளை வேறு பல இடங்களுக்கும் கொண்டு போனார். 1982-இல் வாஷிங்டனில் வெள்ளை மாளிகை முன்னால் போட்டார். பினோசெட் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்புக்கு அமெரிக்க அரசு எப்படியெல்லாம் வழி அமைத்துக் கொடுத்தது என்பது தெரிந்தவர்களுக்கு அந்த முகவரி புரியும். சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவிலுள்ள எல்லைச் சுரங்கப் பாதையிலும், சுவர் பிரித்திருந்த பெர்லினிலும் போட்டார்.

லோட்டி தனியாள் இல்லை. அதே 1979-இல் நாவலாசிரியர் தியாமெலா எல்டிட், கவிஞர் ராவுல் சுரிட்டா, ஓவியர் ஹுவான் காஸ்டில்லோ, சமூகவியலாளர் ஃபெர்னாண்டோ பால்செல்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 'காதா' என்ற கலைக் குழுவைத் தொடங்கினார். இவர்களின் முதல் வேலை பால். லா கிராங்ஹாவில் வீடு வீடாக அரை லிட்டர் பால் பைகள் கொடுத்தார்கள். ஏன் அரை லிட்டர்? ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால் என்பது அயெந்தேயின் வாக்குறுதி. அவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாத காலத்தில், பையின் அளவே பெயரைச் சொல்லிவிட்டது. அப்புறம் பால் லாரிகளை வரிசையாகக் கொண்டுவந்து நுண்கலை அருங்காட்சியகத்தின் முன்னால் நிறுத்தி, அதன் வாசலை ஒரு பெரிய வெள்ளைத் துணியால் மூடினார்கள். 1981 ஜூலையில் ஆறு சிறு விமானங்களிலிருந்து சாந்தியாகோ மேல் இவர்கள் போட்ட 4,00,000 துண்டறிக்கைகள் விழுந்தன. மாளிகை மேல் குண்டு விழுந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த நகரம் அது. விமானச் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தவர்களின் மனநிலையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் படித்தவர்களின் விளையாட்டு, தொழிலாளிக்குப் புரியாது என்று அந்தக் காலத்தில் இடதுசாரிகளிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். ஓரளவு நியாயமும் அதில் இருக்கிறது. பால் பை சரி, வெள்ளைத் துணி எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? ஆனால் அடுத்து வந்த வேலைக்கு இந்தக் குறை பொருந்தாது.

1983. கவிழ்ப்புக்குப் பத்தாண்டு நிறைவு. பொருளாதாரம் சரிந்து வேலையின்மை தலைக்கு மேல் போயிருந்தது. மே மாதத்தில் செம்புச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் விடுத்த அழைப்பில் நாடு தழுவிய போராட்டங்கள் தொடங்கியிருந்தன. காதா குழுவினர் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, சுவர்களில் 'நோ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டார்கள். மீதியைக் காலியாக விட்டுவிட்டு வந்தார்கள். கூட்டல் குறியை ஸ்பானிய மொழியில் 'மாஸ்' என்று வாசிப்பார்கள். 'நோ மாஸ்' என்றால் 'இனி வேண்டாம்'. எது வேண்டாம்? அதைத்தான் எழுதாமல் விட்டார்கள். மறுநாள் தெருவில் போனவர்கள் எழுதினார்கள். சாவு வேண்டாம், சித்திரவதை வேண்டாம், பசி வேண்டாம், சர்வாதிகாரம் வேண்டாம். மாப்போச்சோ ஆற்றங்கரையில் குழுவே ஒரு பெரிய பதாகை தொங்கவிட்டது. 'நோ', கூட்டல் குறி, அதன் பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கியின் படம்.

சாலையில் கிடந்த லோட்டியின் சிலுவை இங்கே சுவரேறிவிட்டது என்றே நான் பார்க்கிறேன். ஆனால் இப்போது அது யாருடைய கலையும் இல்லை. கையெழுத்து இல்லாத வாக்கியம். அழித்தால் இன்னொருவர் எழுதுவார், அதுவும் வேறு முடிவோடு. 'வாழ்வுக்கான பெண்கள்' என்ற அமைப்பில் லோட்டியும் இயங்கினார். அந்தப் பெண்களின் ஊர்வலங்களிலும் இதே வாக்கியம் வந்தது. தலைவர் எழுதிக் கொடுத்த முழக்கம் தலைவரோடு போய்விடும். இதற்குப் பாதியை எழுதியவர்கள் ஒரு சிலர், மீதியை எழுதியவர்களைக் கணக்கெடுக்கவே முடியாது.

1988 அக்டோபர் 5 அன்று பொதுவாக்கெடுப்பு. பினோசெட் இன்னும் எட்டு ஆண்டுகள் தொடரலாமா, கூடாதா? எதிர்க்கட்சிகளின் பிரசாரத்தில் அந்த 'நோ'வும் கூட்டல் குறியும் நின்றன. சிலி நாட்டு வாக்குச்சீட்டைப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. அங்கே முத்திரை குத்துவதில்லை. ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு படுக்கைக் கோடு அச்சிட்டிருக்கும். வாக்காளர் அதன் மேல் ஒரு நெடுக்குக் கோடு இழுக்க வேண்டும். அரசாங்கம் அச்சிட்ட கோட்டுக்குக் குறுக்கே சொந்தக் கையால் ஒரு கோடு! ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் அதை 'நோ'வின் மேல் இழுத்தார்கள்.

ஆட்சியைக் கலை கவிழ்த்தது என்று நான் சொல்லவில்லை. தொழிற்சங்கங்கள், பிள்ளைகளைத் தேடிய தாய்மார்கள், தேவாலயத்தின் மனித உரிமை அலுவலகம், அலுக்காமல் வாக்காளர்களைப் பதிவு செய்த கட்சித் தொண்டர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது அது.

லோட்டி 2020 ஜூலையில் காலமானார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2016-இல், சாந்தியாகோவில் லட்சக்கணக்கானோர் ஓய்வூதியத் திட்டத்தை எதிர்த்துப் பேரணி போனார்கள். தனியார் ஓய்வூதிய நிதி நிறுவனங்களை அங்கே மூன்றெழுத்தில் 'ஆ.எஃபே.பே.' என்பார்கள். பதாகைகளில் 'நோ', கூட்டல் குறி, அந்த மூன்றெழுத்து. பினோசெட் ஆட்சி கொண்டுவந்த திட்டம் அது, இன்னும் முழுசாகப் போகவில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.