எந்த டன்னுக்கு 349 ரூபாய்?

நேயர்களுக்கு வணக்கம். கரும்பு என்றதும் பொங்கலுக்கு வாசலில் சாத்தி வைக்கிற கரும்புதான் பலருக்கு ஞாபகம் வரும். அது வேறு, ஆலைக்குப் போகிற கரும்பு வேறு. ஆலைக் கரும்பைக் கடித்துப் பார்த்தால் பல்லுக்குத்தான் செலவு. நான் விழுப்புரம் பக்கம் முப்பது வருசமாக வைக்கிறது அந்தக் கரும்பைத்தான்.

முதலில் விலை. 2024-25 அரவைப் பருவத்துக்கு, பிழிதிறன் 9.5 விழுக்காடும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளுக்கு மத்திய அரசு வைத்த விலை டன்னுக்கு 3,151 ரூபாய். பிழிதிறன் என்றால், 100 கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை இறங்குகிறது என்ற கணக்கு. அதோடு தமிழக அரசின் சிறப்பு ஊக்கத்தொகை 349 ரூபாய். ஆக 3,500. முந்தின பருவத்தில் ஊக்கத்தொகை 215தான். கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் எந்த டன்னுக்கு? வெட்டின அன்றைக்கு இருந்த டன்னுக்கா, எடைமேடை ஏறுகிற அன்றைக்கு மிஞ்சின டன்னுக்கா?

ஒரு வருசம் மாசி மாதம். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு, அதாவது கரும்பை வெட்டலாம் என்ற அனுமதி வந்தது, ஆள் விட்டு வெட்டி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆலையில் ஏதோ மிஷின் பழுது. எனக்கு முன்னால் எண்பது வண்டி. மூன்று நாள், நேயர்களே! பகலில் டிரெய்லர் நிழலில் படுக்கை, ராத்திரி கொசு. பக்கத்து வண்டிப் பெரியவர், "தம்பி, தோகையைப் போட்டு மூடித் தண்ணி தெளி, சும்மா பாத்துக்கிட்டு நிக்காத" என்றார். குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினேன். கரும்புக்கு நான் கடைசியாகப் பாய்ச்சின தண்ணீர் அதுதான்.

அந்த வயிற்றெரிச்சலில் அடுத்த வருசம் பத்துக் கரும்பு வெட்டி வீட்டுத் திண்ணையில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். முதல் நாள் 15 கிலோ. மூன்றாம் நாள் 14 கிலோ 100 கிராம். டன்னுக்கு அறுபது கிலோ காணோம். 2024-25 பருவத்தின் 3,500 ரூபாய் விலையில் அது 210 ரூபாய். கவனியுங்கள், அந்தப் பருவத்து ஊக்கத்தொகையே 349 ரூபாய், அதில் 210 வெயிலோடு போச்சு. எடை மட்டுமா, உள்ளே இருக்கிற சர்க்கரையும் குறைகிறது. அப்புறம் பிழிதிறன் ஏன் ஏறவில்லை என்று நம்மையே கேட்பார்கள்.

1966ஆம் வருசத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆலை 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. நல்ல சட்டம். ஆனால் அந்த 14 நாளை எண்ணுவது கரும்பை ஒப்படைத்த பிறகுதான். அதற்கு முன்னால் காய்ந்த மூன்று நாளை எவர் கணக்கில் எழுதுவது? ஊக்கத்தொகையை உயர்த்துகிற கையோடு, வெட்டு உத்தரவையும் அரவையையும் நாள் பார்த்து இணைத்துவிட்டால், அரசுக்குக் கூடுதல் செலவில்லாமலே எங்களுக்கு டன்னுக்கு இருநூறு ரூபாய் மிஞ்சும்.

கோயம்புத்தூரில் 1912 முதல் இருக்கிற கரும்பு இனப்பெருக்க நிறுவனம் பற்றி, வெட்டின கட்டையே திரும்பத் துளிர்க்கிற மறுதாம்பு பற்றியெல்லாம் குறித்து வந்திருந்தேன். நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியம், மற்றவர்களுக்கு 75. சிறு விவசாயி சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நடவு நேரத்தில் ஓடாதீர்கள். வணக்கம்.