ஒற்றைக் காலில் நிற்கிறேன்

(சூளூர்ப்பேட்டையில் பறவை பார்ப்போர் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் சர்பஞ்ச் காரு அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, மைக்செட்டும் பெஞ்சும் காசு வாங்காமல் கொடுத்த பந்தல்கார அண்ணா அவர்களே, தடாவிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் சொந்தங்களே, முன்வரிசையில் கேமராவை மடியில் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே! வனத்துறை அதிகாரி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டாலும் அவருக்கும் என் வணக்கம்.

தூரத்துப் பறவையைக் கிட்டக் காட்டும் கனமான டெலி லென்ஸுக்கு மோனோபாட், அதாவது கேமராவைத் தாங்கும் ஒற்றைக் கால் கோல், வாங்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். எடை, தலை, உயரம், பராமரிப்பு என நாலு விஷயம் சொல்கிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். சோனியின் 200-600 லென்ஸ் மட்டுமே 2 கிலோவுக்கு மேல். கேனானின் பழைய 600 எம்.எம். எஃப்/4 ஐ.எஸ். லென்ஸ் 5 கிலோவைத் தாண்டும். பூநாரை தலையைத் தூக்கும்வரை அதைக் கையில் ஏந்தி நின்றால் முதலில் தோள் நடுங்கும், அப்புறம் படம் நடுங்கும். லென்ஸுக்கு லட்சத்தைக் கொட்டுகிறவர் மோனோபாடை மட்டும் செல்ஃபி குச்சி விலைக்குக் கேட்கிறார்! உங்கள் சாமான் 5 கிலோ என்றால் 10 கிலோ தாங்குவதை வாங்குங்கள். நாமும் அதன்மேல் சாய்கிறோம் அல்லவா? மாட்டுவது கேமராவின் அடியில் அல்ல, லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையமான லென்ஸ் காலரின் அடியில். இல்லாவிட்டால் பாரமெல்லாம் கேமராவும் லென்ஸும் சேரும் மவுண்டை இழுக்கும்.

கோலின் மேல்முனையில் லென்ஸைப் பிடிக்கும் தலைக்கு, எல்லாப் பக்கமும் சாயும் பால்ஹெட் வேண்டாம், பாரம் பக்கவாட்டில் சரியும். முன்னும் பின்னும் மட்டும் சாயும் டில்ட் ஹெட் போதும். இடம் வலம் திரும்பக் கோலையே சுழற்றிக்கொள்ளலாம். உயரம் கண்மட்டத்துக்கு மேலேயே கொஞ்சம் இருக்கட்டும். மிச்சத்தைச் சேறு தின்றுவிடும்.

சேறு என்றதும் ஒரு கதை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு தை மாதக் காலை. புது மோனோபாடை ஊன்றினேன். ஒரு சாண் இறங்கியது. பிடுங்கி ஊன்றினேன், ஒரு முழம் இறங்கியது. மூன்றாம் முறை நானே முழங்கால்வரை இறங்கிவிட்டேன்! வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் நிதானமாக வந்து, என்னை அல்ல, முதலில் கேமராவை வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஏன் சாமி, கோலுக்குச் செருப்பு போடலியா?" படகிலிருந்து ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து வந்து, கோலின் ரப்பர் நுனிக்குக் கீழே வைத்தார். நின்றது! பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சாமானை நிறுத்தியது அந்தக் கொட்டாங்குச்சி.

அதே நேரம் கரையில் இன்னொருவர் பூநாரை பறக்கும் படம் வேண்டுமென்று கைகளைத் தட்டினார். பூநாரைக் கூட்டம் மொத்தமும் எழும்பியது. அவருக்குப் படம் கிடைத்தது. பெரியவர் முகம் மட்டும் வாடிவிட்டது. "அதுங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சே, சாமி."

பூநாரை தலைகீழாகக் குனிந்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் பறவை. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதன் பந்தியை நடுவில் கலைக்கிறோம். சரணாலயத்துக்குள் உயிர்களைச் சீண்டுவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி நம் பழவேற்காடு. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றேனே, அந்தச் சுவர் இந்த ஏரிதான் அய்யா!

ஆகவே சர்பஞ்ச் காரு அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்ரீஹரிகோட்டா சாலையோரம் நாலு இடத்தில் பனையோலை மறைப்பு வேண்டும். படமெடுப்பவர் அதன் பின்னால் நிற்கட்டும். ஓலைக்கும் கழிக்கும் ஆகும் செலவில் பாதி என்னுடையது. மேடையில் சொல்லிவிட்டேன், இனி என் வீட்டம்மாவாலும் தடுக்க முடியாது.

பராமரிப்பு பாக்கி இருக்கிறது. மணி அடித்துவிட்டார்கள். மனு வாசலில் மேஜைமேல் இருக்கிறது, தமிழிலும் தெலுங்கிலும். கையெழுத்துப் போடாமல் டீ குடிக்கப் போகாதீர்கள். ஓலை மறைப்பு வரும்வரை நான் ஒற்றைக் காலில்தான் நிற்பேன். மோனோபாட் கைவசம் இருக்கிறது.