வால் ஏன் தரையில படல? சாங்கி கடற்கரையிலேர்ந்து ஒரு காலைப் பேச்சு

வணக்கம் மக்களே! எல்லாரும் பசியாறிட்டீங்களா? நான் இன்னும் இல்ல. மணி ஏழே கால் ஆகுது, சாங்கி கடற்கரையில நிக்கிறேன். தண்ணி நல்லா வத்தியிருக்கு, பாருங்க, அந்தக் கடைசி வரைக்கும் ஈர மணல்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல ஏற ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள பேசி முடிக்கணும். காத்துச் சத்தம் வந்தா பொறுத்துக்குங்க.

போன வாரம் என் மகனைக் கூட்டிக்கிட்டு லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போயிருந்தேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குள்ள இருக்குல்ல, அதுதான். அங்க மூணு டைனோசர் நிக்குது. பிரின்ஸ், அப்பலோனியா, டுவிங்கின்னு பேரு. பிரின்ஸ் 27 மீட்டர், அப்பலோனியா 24 மீட்டர், குட்டி டுவிங்கி 12 மீட்டர். நம்ம ஒரு மாடி பஸ் ஒண்ணு 12 மீட்டர். ரெண்டு பஸ்ஸை முன்னும் பின்னுமா நிறுத்தினாலும் பிரின்ஸோட வால் நுனி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். 2007க்கும் 2010க்கும் இடையில அமெரிக்காவுல, வயோமிங்ல டென் ஸ்லீப்னு ஒரு ஊர்ப்பக்கம் தோண்டி எடுத்தது. வயசு சுமார் 150 மில்லியன் வருஷம், அதாவது 15 கோடி.

அவன் தொடக்கநிலை மூணு படிக்கிறான். ரொம்ப நேரம் பேசாம பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம் கேட்டான்: "அம்மா, பல்லி வாலைத் தரையில வச்சு இழுத்துக்கிட்டுத்தானே போகுது? இது மட்டும் ஏன் தூக்கிக்கிட்டு நிக்குது?"

எனக்கு அப்படியே பழைய ஞாபகம் வந்துடுச்சு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ வீட்டுல ஒரு படப் புத்தகம் இருந்துச்சு. அதுல இந்த மாதிரி நீளக்கழுத்து டைனோசர் எல்லாம் வாலைத் தரையில போட்டுக்கிட்டு, பாதி உடம்பு தண்ணிக்குள்ள நிக்கும். அப்போ யாரு மாத்தினது? எலும்பு அதே எலும்புதானே?

எலும்பு மட்டும் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைக்கல, மக்களே. காலடித் தடமும் சேர்ந்துதான் தீர்த்துச்சு. இந்த வகை டைனோசர் நடந்துபோன தடம் உலகத்துல நிறைய இடத்துல பாறையா இறுகிக் கிடக்கு. முன்னங்கால் பதிஞ்சிருக்கும், பின்னங்கால் பெரிய அண்டா அளவுக்குப் பதிஞ்சிருக்கும். ஆனா நடுவுல வால் இழுபட்ட கோடு? தேடித் தேடிப் பாத்தாலும் ரொம்ப ரொம்ப அபூர்வம். அவ்வளவு நீள வால் தரையில கிடந்திருந்தா கோடு விழாம இருக்குமா? அதான் பிரின்ஸ் வாலைத் தூக்கிக்கிட்டு நிக்குது.

இன்னொரு சண்டையும் நடந்திருக்கு. 1900களோட தொடக்கத்துல சில அறிஞருங்க, பிரின்ஸோட குடும்பத்தைச் சேர்ந்த டிப்ளோடோகஸ் முதலை மாதிரி காலைப் பக்கவாட்டுல விரிச்சுத்தான் நடந்திருக்கும்னு சாதிச்சாங்க. ஹாலந்துன்னு ஒரு அமெரிக்க அறிஞர், அப்படி நடந்தா அதோட விலா எலும்பு தரைக்குக் கீழ போகும், அது போறதுக்குன்னே தனியா ஒரு பள்ளம் வெட்டணும்னு எழுதினார். தடங்களும் அவர் பக்கம்தான் நிக்குது. வலது கால் வரிசைக்கும் இடது கால் வரிசைக்கும் இடையில அகலம் குறைச்சல். உடம்புக்கு நேர் கீழ தூண் மாதிரி கால், நம்ம யானை மாதிரி.

எலும்புன்னா செத்த உடம்பு. ஆத்து வெள்ளம் அடிச்சிட்டுப் போயி வேற எங்கயோ கொண்டு போட்டிருக்கலாம். மூணு எலும்புக்கூடு பக்கத்துல பக்கத்துல கிடைச்சா அது ஒரே குடும்பம்னு மனசு சொல்லும், ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. தடம் அப்படியில்ல. அது பதிஞ்ச இடத்துலயேதான் இருக்கும், அந்த மிருகம் உயிரோட அங்க இருந்த அந்த நிமிஷத்துல பதிஞ்சது. அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்துல டேவன்போர்ட் பண்ணைன்னு ஒரு இடம். அங்க 23 நீளக்கழுத்து டைனோசர் ஒரே திசையில போன தடம் பாறையில இருக்கு. கூட்டமாப் போகும்னு சொல்றதுக்கு இது எவ்வளவு பெரிய ஆதாரம்! எனக்கு அந்தப் படத்தைப் பாக்கும்போதெல்லாம் சிலிர்க்குது.

சரி, இங்க வாங்க. கேமராவைக் கீழ இறக்கறேன். இது நான் இப்போ நடந்து வந்த தடம். அளவு நாடா கொண்டு வந்திருக்கேன். வலது குதிகால்லேர்ந்து அடுத்த வலது குதிகால் வரைக்கும்... 1 மீட்டர் 28. இந்தப் பக்கம் இருக்கறது ஓடி வந்த தடம். அதே கால், அதே செருப்பில்லாத பாதம். 2 மீட்டர் 15. அதுமட்டுமில்ல, உத்துப் பாருங்க, நடந்த தடத்துல குதிகால் ஆழமா இருக்கு. ஓடின தடத்துல முன்பாதம் மணலைப் பின்னால தள்ளிக் குவிச்சிருக்கு. அலெக்சாண்டர்ங்கிற விலங்கியல் அறிஞர் 1976ல இதையே ஒரு கணக்கா ஆக்கினார். பாத நீளத்தை நாலால பெருக்கினா இடுப்பு உயரம் தோராயமா வரும். இடுப்பு உயரத்தோட கால் எட்டிப்போட்ட தூரத்தை ஒப்பிட்டா வேகம் வரும். டைனோசரை யாரும் பாக்கல, ஆனா எந்த வேகத்துல போச்சுன்னு தோராயமாச் சொல்லிடலாம்.

இந்த வித்தைக்கு முன்னோடி ஒருத்தர் இருக்கார், வில்லியம் பக்லண்ட். ஆக்ஸ்போர்டு பேராசிரியர். ஸ்காட்லாந்துல ஒரு கல் குவாரியில கிடைச்ச தடம் எந்த மிருகத்தோடதுன்னு யாருக்கும் தெரியல. 1820களோட கடைசியில அவர் என்ன பண்ணினார் தெரியுமா? மாவு பிசைஞ்சு பரப்பி, அது மேல ஆமையை நடக்க விட்டுப் பாத்தார்!

நாங்களும் வீட்டுல பண்ணிப் பாத்தோம். ஆமைக்கு எங்க போறது, மகனோட கையைத்தான் வச்சோம். தேக்காவுல வாங்கின ஆட்டா மாவு. ஒரு உருண்டை சப்பாத்திப் பதத்துல. இன்னொண்ணு தண்ணி கூடினது, தோசை மாவுக்கும் சப்பாத்தி மாவுக்கும் நடுவுல. மூணாவது ராத்திரி ஃபிரிட்ஜ்ல வச்சு இறுகினது. அதே கையை மூணுலயும் அமுக்கினான். சப்பாத்திப் பதத்துல விரல் ரேகை கூடத் தெரிஞ்சுது. தண்ணி மாவுல அஞ்சு விரலும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஏதோ வாத்து கால் மாதிரி ஆயிடுச்சு. இறுகினதுல விரல் நுனி மட்டும் அஞ்சு புள்ளி. இந்த மூணையும் 100 மில்லியன் வருஷம் கழிச்சு ஒருத்தர் பாத்தா, மூணு வேற வேற மிருகம்னுதானே நினைப்பார்?

அதனாலதான் தடத்துக்குத் தனியாப் பேரு வைக்கிறாங்க, மிருகத்தோட பேரை வைக்கிறதில்ல. ஒரே மிருகம் நடந்தா ஒரு பேரு, வளை தோண்டினா இன்னொரு பேரு. நம்ம சுங்கை பூலோ போயிருக்கீங்களா? சதுப்பு நிலக் காட்டுல, மண் மேடு மேடா எரிமலை மாதிரி இருக்கும். அது சேத்துக்குள்ள வாழற ஒரு சிங்கிறால் ராத்திரி ராத்திரி தோண்டிக் குவிக்கிறது. அதோட அறிவியல் பேரு தலாசினா. பழைய பாறையில கிளை கிளையாப் பிரியற வளை இருந்தா அதுக்குத் தலாசினாய்டிஸ்னு பேரு. நம்ம ஊரு சேத்துல இருக்கற உயிரோட பேருதான் உலகம் பூரா பாறையில ஒட்டியிருக்கு.

சாணமும் கல்லாகும், அதுவும் சேதி சொல்லும். கனடாவுல 44 சென்டிமீட்டர் நீளத்துல ஒண்ணு கிடைச்சுது, 1998ல அதைப் பத்தி எழுதினாங்க. பெரும்பாலும் டைரனோசரஸோடதா இருக்கணும்னு சொல்றாங்க. உள்ள பூரா நொறுங்கின எலும்புத் துண்டு. எலும்போட சேத்துக் கடிச்சு நொறுக்கித் தின்னிருக்கு. அரும்பொருளகத்துல ஒரு திமிங்கிலமும் இருக்கே, 2015ல ஜூரோங் தீவுப் பக்கம் மிதந்து வந்தது? அது வயித்துல 1,800க்கு மேல கணவாய் அலகு இருந்துச்சாம். பிளாஸ்டிக்கும் இருந்துச்சு.

எலும்பை மட்டும் வச்சுத் தப்பா முடிவு கட்டினதுக்கு ஒரு கதை சொல்றேன், எனக்கு ரொம்ப மனசு கஷ்டமான கதை. 1923ல மங்கோலியாவுல கோபி பாலைவனத்துல முட்டைக் குவியல் ஒண்ணும், பக்கத்துல ஒரு டைனோசரும் கிடைச்சுது. முட்டை வேற ஒரு இனத்தோடது, இது திருட வந்த இடத்துல செத்துப்போச்சுன்னு நினைச்சாங்க. அடுத்த வருஷம் அதுக்கு ஓவிராப்டர்னு பேரு வச்சாங்க. முட்டைத் திருடன்னு அர்த்தம். 70 வருஷம் கழிச்சு, 1993ல, அதே மாதிரி முட்டைக்குள்ள ஒரு கரு கிடைச்சுது. பாத்தா அது இந்தக் குடும்பத்துக் குஞ்சு! அப்புறம் இன்னொரு புதைபடிவம் வந்துச்சு: அதே குடும்பத்துப் பெரிய டைனோசர் ஒண்ணு, கூட்டு மேல குந்தி, ரெண்டு கையையும் விரிச்சு முட்டையை மூடினபடியே மண்ணுக்குள்ள போயிருக்கு. கோழி அடைகாக்கிற மாதிரி. அப்போ அந்த முதல் ஓவிராப்டரும் தன் கூட்டுப் பக்கத்துலதான் கிடந்திருக்கும். ஆனா பேரு வைக்கிற விதிப்படி மாத்த முடியாது, திருடன் திருடன்தான்.

ஒரு நிமிஷம். இங்க ஒண்ணு கிடக்கு, பக்கத்துல காட்டறேன். சாதாரண மட்டிச் சிப்பி, செத்த ஓடு. மேல் பக்கம் ஒரு சின்ன ஓட்டை தெரியுதா? அரிசி மணி உள்ள போகும், அவ்வளவுதான். ஓரம் சரிஞ்சு இறங்குது, மேல அகலம், உள்ள போகப் போகக் குறுகல். மரத்துல திருகாணித் தலை உக்காரக் குடைவாங்களே, அதே மாதிரி. இது நிலா நத்தையோட வேலை. சிப்பியைக் காலால கட்டிப் பிடிச்சு, அமிலம் மாதிரி ஒண்ணைச் சுரந்து, நாக்குல இருக்கற பல்லால சுரண்டிச் சுரண்டி மணிக்கணக்கா ஓட்டை போடும். அப்புறம் உள்ள இருக்கற சதையைத் தின்னும். இதே ஓட்டை டைனோசர் காலத்தோட கடைசிப் பகுதியில வாழ்ந்த சிப்பியிலயும் இருக்கு. சில சிப்பியில ஓட்டை பாதியோட நின்னிருக்கும். அந்தச் சிப்பி அன்னைக்குத் தப்பிச்சிடுச்சு! வேட்டையும் தெரியுது, வேட்டை தோத்ததும் தெரியுது. இதை எந்த எலும்பு சொல்லும்? இதை இங்கயே வச்சிடறேன்.

கடைசியா, நான் இன்னைக்கு இங்க வந்ததுக்கான காரணம். குதிரை லாட நண்டு. மலாய்க்காரங்க பெலாங்காஸ்னு சொல்வாங்க. பேருதான் நண்டு, சிலந்திக்குத்தான் நெருங்கின சொந்தம். இதோட முன்னோருங்க 44 கோடி வருஷத்துக்கு முன்னாடியே இருந்தவங்க. மண்டாய் சேத்துத் திட்டுல இயற்கைச் சங்கத்துத் தொண்டூழியர்கள் கைவிட்ட வலையில சிக்கினதை எல்லாம் எடுத்து விடுவாங்க. ஒரு தடவை நானும் போயிருந்தேன். முழங்கால் வரைக்கும் சேறு. நான் ஒண்ணை வலையிலேர்ந்து விடுவிச்சு இறக்கி விட்டேன். அது மெதுவா நடந்துச்சு. ரெண்டு பக்கமும் கால் குத்தின சின்னச் சின்ன பதிவு, நடுவுல ஊசி வால் கீறின ஒரே கோடு.

அதே கோட்டை நான் இன்னொரு படத்துல பாத்திருக்கேன். ஜெர்மனியில சோல்ன்ஹோபன் சுண்ணாம்புப் பாறை, பிரின்ஸ் வாழ்ந்த அதே 150 மில்லியன் வருஷத்துக்கு முந்தின காலம். 9.7 மீட்டர் நீளத்துக்கு ஒரு தடம். தொடக்கத்துல அந்த உயிர் மேலேர்ந்து சேத்துல வந்து விழுந்த குழப்பம் தெரியுது. நிமிர்ந்து நடக்க ஆரம்பிக்குது. அப்போ அந்த இடம் ஒரு காயல், அதோட அடித்தண்ணியில பிராணவாயு கிடையாது. திரும்புது, நிக்குது, மறுபடி நடக்குது. தடத்தோட முடிவுல அதே நண்டு, ஒரு உள்ளங்கை அளவு, கிடக்கு. 2012ல இதை விவரிச்சு எழுதினாங்க. யாரோட தடம்னு சந்தேகமே இல்லாம, தடமும் உடம்பும் ஒண்ணாக் கிடைக்கிறது அவ்வளவு அபூர்வம்.

நேத்து ராத்திரி மகன்கிட்ட இந்தப் படத்தைக் காட்டினேன். விரலை வச்சு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் தடவிக்கிட்டே போனான். போயி முடிச்சிட்டு, "நீ மண்டாய்ல விட்டது தண்ணிக்குப் போயிடுச்சாம்மா?"ன்னு கேட்டான். போயிடுச்சுய்யா, நான் பாத்தேன்னு சொன்னேன்.

சரி மக்களே, தண்ணி ஏறிடுச்சு. நான் ஓடின தடம் பாதி போயிடுச்சு, பாருங்க. அடுத்த அலை நல்ல களிமண்ணைக் கொண்டு வந்து அப்படியே மூடினா இருக்கும், இது மணலைக் கலக்கி அடிக்குது, இருக்காது. நான் 29ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போறேன். பள்ளி விடுமுறையில அவனையும் கூட்டிக்கிட்டு மண்டாய் போகப் பேர் கொடுத்திருக்கேன், சேத்துக்குப் பழைய காலணி ரெண்டு சோடி எடுத்து வச்சாச்சு.