பை தூக்கினவருக்குப் பட்டிமன்றமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி மேலயே கை வச்சிருக்கீங்க, அதனால வணக்கத்தை இதோட முடிச்சுக்கறேன்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஜான் பிரைன் பேர் இன்னும் நிக்கிறது அவர் எழுதின பாட்டாலயா, எடுத்துப் பாடின பெரிய ஆளுங்களாலயா? பாட்டாலதான்னு சொல்ல வந்திருக்கேன். எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? "ஆளு சிகாகோ பக்கம் தபால்காரரு. எழுதினவன் ஒருத்தன், படிச்சவன் ஒருத்தன், நடுவுல பை தூக்கினவருக்குப் பட்டிமன்றமா?" நீங்களும் கைதட்டினீங்க. பார்த்தேன்.

அய்யா, அந்தப் பையைத் தூக்கும்போதுதான் பாட்டே வந்துச்சு! தெருத்தெருவா கடிதம் போட்டுக்கிட்டே மனசுக்குள்ள வரி கட்டின மனுஷன். ஒருநாள் ராத்திரி, சிகாகோவுல 'ஃபிஃப்த் பெக்'னு ஒரு கிளப். யார் வேணா மேடையேறிப் பாடலாம். இவர் கீழ உக்காந்து பீர் குடிச்சுக்கிட்டு, பாடுறவங்களை நொட்டை சொல்றார். நம்ம தலைவர் மாதிரியே. ஒருத்தர் திரும்பிக் கேட்டுட்டார்: "முடிஞ்சா நீ ஏறிப் பாடேன்!"

ஏறிட்டார். 'சாம் ஸ்டோன்' பாடினார். வியட்நாம் போர்லேர்ந்து பதக்கத்தோடயும் போதைப் பழக்கத்தோடயும் வீடு திரும்பின சிப்பாய் கதை. பாடி முடிச்சார். சத்தமே இல்ல. ஒரு கைகூடத் தட்டல. இவர் காலை மாத்தி மாத்தி வைக்கிறார், அங்க பார்க்கிறார், இங்க பார்க்கிறார். போச்சுடா, பேசாம பீரோட இருந்திருக்கலாம்! அப்புறம் தட்டினாங்க பாருங்க! கிளப்புக்காரரே கூப்பிட்டு வேலை கொடுத்துட்டார்.

அதே கிளப்புக்கு இன்னொரு ராத்திரி சினிமா விமர்சகர் ராஜர் ஈபர்ட் வர்றார். பாப்கார்ன்ல உப்பு கரிச்சுதாம், படத்தைப் பாதியில விட்டுட்டு பீர் தேடி வந்தாராம். பிரைன் சொல்ற கதை. 1970 அக்டோபர்ல ஈபர்ட் இவரைப் பத்தி சிகாகோ சன்-டைம்ஸ் பேப்பர்ல 'பாடும் தபால்காரர்'னு எழுதினார். எல்லாம் உப்பாலதான்னு எதிரணி அடுத்து வாதாடும்!

பாடகி பானி ரைட் 1974ல இவர் எழுதின 'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கோமரி'யைப் பாடலைன்னா இவர் யாருன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. அம்மா, கடன் வாங்கினவர் பணக்காரரா, கொடுத்தவரா? அவ்வளவுதான், விட்டுடறேன்.

ஏன்னா எனக்கு இதைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு. பிரைன் சின்னப் பையனா ஒரு முதியோர் இல்லத்துல பேப்பர் போட்டிருக்கார். அங்க சில பெரியவங்க பக்கத்துக் கட்டில்காரங்ககிட்ட, "என் பேரன் வந்திருக்கான் பாரு"ன்னு காட்டுவாங்களாம். அந்தப் பையன் வளர்ந்து, இருபத்து சொச்ச வயசுல, கவனிக்க ஆளில்லாத வயசானவங்களுக்காக 'ஹலோ இன் தேர்' எழுதினான். இந்த முன்வரிசையில எத்தனை அப்பா அம்மா உக்காந்திருக்கீங்க... யார் பேரனை யார் பேரன்னு சொல்லிக்கிட்டாங்கய்யா அவங்க?

2020 ஏப்ரல் 7, கொரோனா அவரைக் கொண்டு போச்சு. ஊர் கூடி வழியனுப்ப முடியாத நேரம். 'பாரடைஸ்'னு ஒரு பாட்டு, பெத்தவங்களோட கென்டக்கி ஊரை நிலக்கரிக்காரங்க தோண்டிப் போட்டதைப் பத்தி. செத்தா என் சாம்பலை கிரீன் ஆத்துல விடுங்கன்னு அதுல எழுதியிருந்தார். ஒரு பங்கை அந்த ஆத்துலயே விட்டாங்க. அரை நூற்றாண்டுக்கு முந்தின வரிக்கு வீடே கட்டுப்பட்டது, பானி ரைட் பாடினதாலயா?

அடிங்கய்யா மணியை. உக்காந்துடறேன்.